இப்போதா, இன்றிரவா

இரண்டு பொத்தான் காட்டியது.
இப்போது. இன்றிரவு.
வேண்டாம் என்பதற்கு ஒன்றும் இல்லை.
பதினாறு நாள் தள்ளிப் பார்த்தேன்.
ஃபர்வானியாவில், ஆறு பேர் அறையில்,
சார்ஜர் வயர் எட்டும் மேல்கட்டிலில் கிடந்து
இன்றிரவு என்று தொட்டேன்.
தூக்கக் கலக்கம்தான். வேறு காரணம் சொல்ல முடியாது.

விதிமுறைகளுக்குச் சம்மதமா என்றது.
சம்மதம்.
ஷுவைக் ஆபீசில் அரபியில் நான்கு பக்கம் நீட்டியபோது
கொடுத்த அதே சம்மதம்.
அதுவும் இரண்டு வருஷம், இதுவும் இரண்டு வருஷம்.
நடுவில் விட்டால் அதற்கும் தண்டம், இதற்கும் தண்டம்.
மாதம் ஒன்பது தினார் எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
கவர் இலவசம்.

மூன்றே முக்காலுக்கு அலாரம் அடிக்கவில்லை.
வெள்ளையாய் விழித்துக்கொண்டு
ஒவ்வொரு மொழியாக வரவேற்றுக்கொண்டிருந்தது.
ஏழாவதோ எட்டாவதோ தமிழில்:
வணக்கம்.
பதினோரு மாதமாய் என் பெருவிரலை அறிந்த சாமான்
எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறது.
பதில் சொல்வதற்குள் குறுஞ்செய்தி வந்தது.
அன்புள்ள தெய்வசிகாமணி,
உங்கள் தவணை நாளை.
போனுக்கு என்னைத் தெரியவில்லை.
தவணைக்குத் தெரிந்திருந்தது.

என்னடா போச்சு என்றான் மிக்கேல்.
அவனுக்குப் படம் என்றால் கல்யாணம், காதுகுத்து.
அதெல்லாம் மச்சினி போனிலும் கிடக்கும்.
எனக்குப் போனது சீட்டுகள்.

தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.
நடைக்கு ஒரு சீட்டு.
மாதம் நூற்றிருபது நடை தாண்டினால்
தாண்டிய ஒவ்வொன்றுக்கும் அரை தினார் என்று வாய்வார்த்தை.
சூடு பட்டால் வெளுக்கும் காகிதம் அது.
டாஷ்போர்டில் ஒரே வாரம்,
எழுத்தெல்லாம் போய்
முத்திரை மட்டும் ஒரு நீல மச்சம்.
அதனால்தான் படம் பிடித்தேன்,
ஒவ்வொன்றையும் ஸ்டியரிங் மேல் விரித்து,
ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிய.
கணக்கர் யூனுஸ் அந்த வாரம்தான் கேட்டிருந்தார்:
ஆதாரம் இருந்தால் வியாழக்கிழமை கொண்டு வா.

ஜிலீப் கடையில் காயல்பட்டினத்துப் பையன் உவைஸ்
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு,
கிளவுட்ல ஏத்தி வெச்சீங்களா அண்ணே என்றான்.
ஜூலை மாதம். வெளியே ஐம்பது டிகிரி.
மேகம் இல்லாத நாடு என்பதால்தான் தம்பி
எனக்கு இந்த வேலையே இருக்கிறது.
அவன் சிரிக்கவில்லை.
மேகத்துக்கும் மாத வாடகை உண்டு,
முதல் கொஞ்சம் மட்டும் சும்மா என்றான்.

இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று
கம்பெனி கவுண்டரில் வைத்தேன்.
டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு.
அந்தப் பெண் ரொம்ப மரியாதை.
மீதி பதிமூன்று மாதத்தையும் ஒன்றாய்க் கட்டினால்
இன்றே முடித்துவிடலாம் என்றாள்.
கட்டாவிட்டால்?
விமான நிலையத்தில் பெயர் வரும் சார்.

வியாழக்கிழமை
பிஸ்கட் டப்பா நிறைய வெள்ளைக் காகிதத்தை
யூனுஸ் மேசையில் கொட்டினேன்.
ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும்.
சாய்த்தும் பார்த்தார்.
பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் அள்ளி
மூடியையும் அவரே அழுத்தி மூடிக் கொடுத்தார்.

இப்போது லாரியில் வெயில்மறைப்பின் உள்பக்கம்
பால்பாயின்ட் பேனாவால் கோடு போடுகிறேன்.
நான்கு நேராக, ஐந்தாவது குறுக்கே.
யாரும் ஏற்கமாட்டார்கள். தெரியும்.

இன்று மங்காஃபில் ஏழாவது நடை.
குழாயை மாட்டும்போது சட்டைப்பையில் அதிர்ந்தது.
புதிய பதிப்பு தயார்.
சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன.
எந்தப் பிழை என்று சொல்லவில்லை.
வால்வைத் திறந்தேன்.
தொட்டி நிறைய இருபது நிமிஷம் ஆகும்.
அதுவரை
இரண்டு பொத்தானும் காத்துக்கொண்டிருக்கட்டும்.